சிவிலைசேஷன் 6: எந்த அதிசயத்தைக் கட்டலாம்?

சிவிலைசேஷன் 6 கணினி விளையாட்டில் அதிசயம் (ஆட்டத்தில் ஒருவர் மட்டுமே கட்டக்கூடிய சிறப்புக் கட்டடம்) ஒன்றைத் தொடங்கும் முன், அதே உற்பத்தியில் எத்தனை செட்லர் (புது நகரம் அமைக்கும் குடியேறி) வரும் என்று பாருங்கள். சாதாரண வேகத்தில் ஸ்டோன்ஹெஞ்ச் என்ற அதிசயத்துக்கு 180 உற்பத்தி வேண்டும், முதல் செட்லருக்கு 80 போதும். புது நகரம் ஆட்டம் முடியும்வரை பலன் தரும். அதிசயமோ வேறொருவர் முந்திவிட்டால் கிடைக்காது.

அதனால் குறிப்பிட்ட இடம் கேட்கும் அதிசயங்கள்தான் நல்லது. பெட்ரா பாலைவனத்தில் மட்டுமே எழும், போட்டி குறைவு. அந்த நகரத்தின் பாலைவனக் கட்டம் ஒவ்வொன்றுக்கும் (வெள்ளச் சமவெளி தவிர) 2 உணவு, 2 தங்கம், 1 உற்பத்தி கூடும். பாலைவனக் குன்றுகள் நிறைய இருந்தால் விடவே விடாதீர்கள்!

மத வெற்றிக்கு ஆடுபவர்களுக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது, ஸ்டோன்ஹெஞ்ச் தரும் இலவசத் தீர்க்கதரிசி (மதம் தொடங்க உதவுபவர்) அவர்களுக்குப் பெரிய வரவு. குடியேற நிலமே மிச்சமில்லாத சின்னத் தீவிலும் அப்படித்தான்.