‘ஆல்ரெடி’யை எங்கே வைப்பது, எப்போது விடுவது?

அகராதியில் ‘ஆல்ரெடி’க்கு ‘ஏற்கெனவே’ என்று போட்டிருக்கும். அதோடு நிறுத்திக்கொள்வதால்தான் பாதித் தவறுகள் வருகின்றன. தமிழில் மூன்று விதமாகச் சொல்வதை ஆங்கிலம் இந்த ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறது.

படி 1: முதலில் தமிழில் சொல்லிப் பாருங்கள்

“படிவத்தை ஏற்கெனவே அனுப்பிட்டேன்”: வேலை முன்பே முடிந்துவிட்டது. “அதுக்குள்ள மணி பத்தாயிடுச்சா!”: எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம் நடந்துவிட்டது. “சாப்பிட்டாச்சு”: முடிந்தது, அவ்வளவுதான். முதல் இரண்டும் எழுத்து ஆங்கிலத்தில் செல்லும். மூன்றாவதற்குப் பெரும்பாலும் ‘ஆல்ரெடி’ தேவையே இல்லை. ‘ஐ ஹேவ் ஈட்டன்’ போதும். நம் சிங்கப்பூரில் தடுமாற்றம் வருவது இந்த மூன்றாவதில்தான். அதைப் படி 4இல் பார்ப்போம்.

படி 2: இடம்

‘ஹேவ்’, ‘ஹேஸ்’ இருந்தால் அதற்கு அடுத்தபடியாக வையுங்கள்: ‘ஐ ஹேவ் ஆல்ரெடி சென்ட் த ஃபார்ம்’. ‘ஈஸ்’, ‘ஆர்’ இருந்தால் அதற்குப் பின்: ‘த டிரெயின் ஈஸ் ஆல்ரெடி ஹியர்’. இரண்டும் இல்லாவிட்டால் வினைக்கு முன்: ‘ஐ ஆல்ரெடி நோ ஹிம்’.

தமிழ் பேசுபவர்கள் வழக்கமாகச் செய்யும் பிழை, ‘ஆல்ரெடி ஐ ஹேவ் சென்ட்’ என்று தொடங்குவது. “ஏற்கெனவே நான்...” என்று வாய் பழகியிருப்பதால் வருவது இது. இன்னொன்று, ‘ஐ ஹேவ் சென்ட் ஆல்ரெடி த ஃபார்ம்’. ‘சென்ட்’டுக்கும் ‘த ஃபார்ம்’முக்கும் நடுவில் எதையும் நுழைக்கக்கூடாது. ‘யெஸ்டர்டே’ சேர்க்கிறீர்களா? ‘ஹேவ்’வை எடுத்துவிடுங்கள். முடிந்துபோன நேரத்தைக் குறிப்பிட்ட பிறகு ‘ஹேவ்’ நிற்காது.

எழுதும்போது ஒரே சொல், ஒரே ‘எல்’. இரண்டு ‘எல்’ போட்டுப் பிரித்து எழுதினால் ‘எல்லாம் தயார்’ என்று பொருள் மாறிவிடும்.

படி 3: ‘இல்லை’யும் கேள்வியும்

“இன்னும் அனுப்பவில்லை” என்பதற்கு ‘ஆல்ரெடி’ உதவாது. அங்கே ‘யெட்’ வரவேண்டும்: ‘ஐ ஹேவன்ட் சென்ட் இட் யெட்’.

கேள்வியில் நுணுக்கம் இருக்கிறது. ‘ஹேவ் யூ ஈட்டன் யெட்?’ என்றால் “சாப்பிட்டாச்சா?” என்ற சாதாரண விசாரிப்பு. ‘ஹேவ் யூ ஈட்டன் ஆல்ரெடி?’ என்றால் “அதுக்குள்ளயா சாப்பிட்டுட்டீங்க?” என்ற வியப்பு. பதினொன்றரை மணிக்கே தட்டைக் கழுவி வைத்துவிட்டவரிடம் இரண்டாவதைக் கேட்கலாம். விருந்தாளியிடம் முதலாவதைக் கேளுங்கள்.

படி 4: காப்பிக்கடையில் ஒன்று, கடிதத்தில் ஒன்று

சிங்கப்பூர்ப் பேச்சு ஆங்கிலமான சிங்லிஷில் ‘ஐ ஈட் ஆல்ரெடி’ என்பார்கள். இதைச் சோம்பேறித்தனம் என்று ஒதுக்கவேண்டாம். அதற்கென்று ஒழுங்கான இலக்கணம் இருக்கிறது. சீன மொழிகளான ஹொக்கியனின் ‘லியாவ்’, மாண்டரினின் ‘லெ’ இரண்டும் வாக்கியக் கடைசியில் நின்று ‘ஆகிவிட்டது’ என்று காட்டுவதை இங்கே ‘ஆல்ரெடி’ காட்டுகிறது. நம் ‘ஆச்சு’வும் கடைசியில்தான் நிற்கிறது, அதனால் நமக்கும் அது இயல்பாக ஒட்டிக்கொள்கிறது.

சிக்கல், பொருள் மாறும் இடத்தில். ‘ரெய்னிங் ஆல்ரெடி’ என்றால் நமக்கு “மழை வந்துடுச்சு”. வெளிநாட்டு வாடிக்கையாளருக்கோ ‘இட்ஸ் ஆல்ரெடி ரெய்னிங்’ என்பது “அதுக்குள்ள மழையா!”. ‘ஷி கேனாட் கம் ஆல்ரெடி’ இன்னும் குழப்பும். “அவங்களால இனிமே வரமுடியாது” என்பதுதான் கருத்து. எழுதும்போது ‘ஷி கேன்ட் கம் எனிமோர்’. ‘இனிமே இல்லை’ என்று தமிழில் வந்தால், ‘ஆல்ரெடி’யை அடித்துவிட்டு ‘எனிமோர்’ எழுதுங்கள்.

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி அடித்தளத்தில் அண்டைவீட்டுக்காரரிடம் பேசும்போது இதையெல்லாம் திருத்திக்கொண்டிருக்க வேண்டாம். தேர்வுத்தாள், வேலை விண்ணப்பம், அலுவலக மின்னஞ்சல் ஆகியவற்றில் மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்.

படி 5: மின்னஞ்சலில் தொனி

‘ஐ ஹேவ் ஆல்ரெடி டோல்ட் யூ’ என்று எழுதினால் படிப்பவருக்கு “அதான் சொன்னேனே!” என்று கேட்கும். அந்த ‘ஏ’காரத்தில் இருக்கும் எரிச்சல் முழுவதும் ‘ஆல்ரெடி’யில் ஏறிக்கொள்கிறது. மேலாளருக்கு எழுதும்போது சொல்லை எடுத்துவிட்டு நாளைப் போடுங்கள்: ‘ஐ சென்ட் த ஃபார்ம் ஆன் மண்டே’. தகவல் கூடுகிறது, குத்தல் போய்விடுகிறது. அனுப்பும் பொத்தானை அழுத்துமுன் கடிதத்தில் ‘ஆல்ரெடி’யைத் தேடி, ஒவ்வொன்றையும் தமிழில் ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். “சொன்னேனே” என்று வந்தால் நீக்கிவிடுங்கள்.