மூன்று கால் தேநீர் மேசை உண்மையிலேயே 18ஆம் நூற்றாண்டினதா? நீங்களே சோதிக்கும் முறை

மேற்பலகை சாய்ந்து நிற்கும் மூன்று கால் மஹோகனி மேசைகள் இங்கிலாந்தின் ஏலங்களில் அடிக்கடி வருகின்றன. வாங்குவதற்கு முன் நான் பார்ப்பவை இவை.

1. பலகையைச் சாய்த்து, அடிப்பக்கத்தைப் பாருங்கள். டார்ச்சை நேராகப் பிடிக்காமல் பலகையை ஒட்டிப் படுக்க வைத்து அடியுங்கள். வளைகோடுகள் தெரிந்தால் அது வட்ட ரம்பம் அறுத்தது. பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டு அல்லது அதற்குப் பிந்தையது.

2. விட்டத்தை அளந்து பாருங்கள். முடிவைத் தீர்மானிப்பது பெரும்பாலும் இதுதான். மரம் ரேகையின் (மர இழை ஓடும் திசையின்) நீளவாக்கில் ஏறக்குறையச் சுருங்காது, குறுக்குவாக்கில் சுருங்கும். ஆகவே வட்டமாகக் கடைந்த ஒற்றைப் பலகை, இருநூறு ஆண்டுகளில் சில மில்லிமீட்டராவது நீள்வட்டமாகியிருக்கும். தையல் நாடா இழுபடும். எஃகு அளவுகோலே நல்லது. ஒரு முனையை விளிம்பில் ஊன்றி, மறுமுனையை மெல்ல நகர்த்திக் கிடைக்கும் மிகப் பெரிய அளவைக் குறியுங்கள். அந்தப் பெரிய அளவு ரேகையோடு ஓட வேண்டும். ரேகைக்குக் குறுக்கே ஓடினால் பழமையை நம்பாதீர்கள்.

3. பலகையும் காலும் ஒன்றுக்கொன்று பிறந்தவையா? தண்டின் உச்சிக் கட்டை பலகையின் அடியில் பதித்த தடம் இன்றைய கட்டையோடு பொருந்த வேண்டும். காரணமில்லாத திருகாணித் துளைகள் இருந்தால், வேறொரு மேசையின் பலகையை ஏற்றியிருக்கலாம். கூர்முனைத் திருகாணிகள் 1840களுக்குப் பிறகே பரவின. ஆனால் திருகாணியை யாரும் மாற்றியிருக்கலாம். அதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள்.

4. கைமாறிய வரலாறு. 18ஆம் நூற்றாண்டின் புகழ்பெற்ற ஆங்கிலேயத் தச்சர் ‘சிப்பன்டேல்’ செய்தது என்று சொன்னவுடன் மயங்க வேண்டாம். 1754இல் அவர் வெளியிட்ட வடிவமைப்பு நூலைப் பார்த்துப் பல தச்சர்கள் செய்தார்கள்; அவர் பட்டறை பொருள்களில் முத்திரை இடவில்லை. இங்கிலாந்தின் ஹேர்வுட் மாளிகை, நாஸ்டெல் பிரியரி மாளிகை போன்ற இடங்களில் பழைய கணக்குகளே அவர் கையைக் காட்டுகின்றன. லங்காஸ்டர் நகரின் கில்லோஸ் என்ற மரச்சாமான் நிறுவனம் 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து சிலவற்றில் பெயரைப் பதித்தது. விற்பவர் காட்டும் காகிதத்தில் எழுதிய அளவும் மரமும் எதிரில் நிற்கும் மேசைக்குப் பொருந்துகின்றனவா என்று பாருங்கள்.

பின்சேர்க்கை: அலைவிளிம்பு செதுக்கிய பலகை பற்றிக் கேட்டிருக்கிறார்கள். தட்டையான பழைய பலகையைப் பிற்காலத்தில் குடைந்து விளிம்பெடுப்பது உண்டு. அப்போது பலகை மெலிந்து, அடியிலிருந்து ஏறிய திருகாணித் துளைகள் மேலே எட்டிப் பார்க்கும். சிறு மரத்துண்டுகளால் அடைத்திருப்பார்கள். அந்த அடைப்புகளை விரல் நுனியால் தடவித் தேடுங்கள்.