விலைக் கவர் திறக்கும் முன்பே தோற்காதீர்கள்: அரசு டெண்டரில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அரசு அலுவலகத்துக்குப் பொருள் விற்கக் கிளம்பும் சிறு உற்பத்தியாளர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, "என்ன ரேட் போட்டால் கிடைக்கும்?" என்பதுதான். ரேட்டைப் பார்ப்பதற்கு முன்பே பலருடைய டெண்டர் தள்ளுபடியாகிவிடுகிறது. பள்ளிக்கூட மேசையும் பெஞ்சும் அருமையாகச் செய்கிற ஒரு பட்டறை, ஒரே ஒரு சான்றிதழ் இல்லாததால் வெளியேறுவதைப் பார்த்தால் வயிறு எரிகிறது.

இதற்கெல்லாம் வேர், "சின்ன விஷயம்தானே, ஆபீசரிடம் சொல்லிச் சரிசெய்துகொள்ளலாம்" என்கிற நினைப்பு. தமிழ்நாட்டில் 1998-ஆம் ஆண்டு ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டமும் 2000-இல் வந்த அதன் விதிகளும் விற்பவரைப் போலவே அதிகாரியையும் கட்டிப்போடுகின்றன. டெண்டர் ஆவணத்தில் எழுதிய தகுதிகளை வைத்துத்தான் அவர் மதிப்பிட முடியும். உங்களுக்காக ஒன்றைத் தளர்த்தினால் போட்டியாளர் நீதிமன்றம் போவார், தணிக்கையிலும் கேள்வி வரும். ஆகவே, மூன்று ஆண்டு டர்ன்ஓவருக்கு ஆடிட்டர் சான்றிதழ் கேட்டிருந்தால் அதையே வையுங்கள். பேலன்ஸ் ஷீட்டைப் பார்த்து அவரே கூட்டிக்கொள்வார் என்று விடாதீர்கள். முன் அனுபவத்துக்குப் பணி நிறைவுச் சான்றிதழ் கேட்டிருக்கும் இடத்தில் பலர் கொள்முதல் ஆணையின் நகலை வைக்கிறார்கள். ஆர்டர் கிடைத்ததற்குத்தான் அது சாட்சி. சரக்கைக் கொடுத்து முடித்தீர்கள் என்பதற்கு அல்ல.

ஒரு நிபந்தனை அநியாயமாகத் தெரிந்தால் அதைக் கேட்க வேண்டிய இடம் டெண்டருக்கு முந்தைய கூட்டம். கூட்டம் வைக்காவிட்டாலும் ஆவணத்தில் சொன்ன தேதிக்குள் எழுத்தில் கேளுங்கள். நிபந்தனை மாறினால் திருத்த அறிவிப்பு டெண்டர் வெளியான இணையதளத்தில் (போர்ட்டலில்) வரும். கடைசி நாள் வரை அதைத் திறந்து பார்க்காமல், பழைய அளவுக்கே ரேட் போட்டு மாட்டிக்கொள்பவர்கள் உண்டு.

தகுதி ஆவணங்களைத் தொழில்நுட்பக் கவரிலும் ரேட்டை விலைக் கவரிலும் தனித்தனியாகக் கொடுப்பதுதான் இரண்டு கவர் முறை. இதில் தொழில்நுட்பக் கவருக்குள் விலை தெரியவே கூடாது. கேட்லாக்கோடு சேர்ந்து பழைய கொட்டேஷன் ஒன்று உள்ளே போய்விட்டால் அதோடு முடிந்தது. தமிழ்நாடு அரசின் இ-டெண்டர் தளத்தில் விலை போட ஒரு எக்செல் கோப்பு தருவார்கள். ரேட்டுக்கென்று விட்டிருக்கும் கட்டங்களை மட்டும் நிரப்பி, அதே பெயரில் சேமித்து ஏற்ற வேண்டும். 'ஃபைனல்' என்றோ கம்பெனி பெயரிலோ பெயரை மாற்றினால் சிக்கல்தான். எல்லாவற்றையும் ஏற்றியபிறகு 'ஃப்ரீஸ்' பொத்தானை அழுத்தினால்தான் டெண்டர் பதிவாகும். கெடு நேரத்துக்குக் கணக்கு அந்தத் தளத்தின் கடிகாரம்தான், உங்கள் கைக்கடிகாரம் அல்ல. 2 கோடி ரூபாய் வரையான டெண்டருக்குக் குறைந்தது 15 நாளும், அதற்கு மேல் 30 நாளும் பொதுவாக அவகாசம் உண்டு. கடைசி மதியத்தில் டிஜிட்டல் கையொப்பத்தோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை.

அடுத்தது சலுகைக் குழப்பம். "உத்யம் பதிவு இருக்கிறது, இ.எம்.டி. கட்ட வேண்டாம்" என்று எல்லா இடத்திலும் நம்பிவிடுகிறார்கள். உத்யம் என்பது குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான மத்திய அரசுப் பதிவு; இ.எம்.டி. என்பது டெண்டரோடு கட்டும் முன்வைப்புத்தொகை. குறு, சிறு நிறுவனங்களுக்கான 2012 கொள்முதல் கொள்கை மத்திய அமைச்சகங்களையும் மத்தியப் பொதுத்துறை நிறுவனங்களையும்தான் கட்டுப்படுத்தும். மாநில டெண்டரில் விலக்கு யாருக்கு, எந்தப் பொருளுக்கு என்பதை அந்த ஆவணத்திலேயே பார்க்க வேண்டும். மத்திய டெண்டரிலும் இந்தச் சலுகை உற்பத்தியாளருக்கும் சேவை தருபவருக்கும்தான். வாங்கி விற்கும் வியாபாரிக்கு இல்லை, கட்டுமான ஒப்பந்தங்களுக்கும் இல்லை.

தகுதியுள்ளவர்களோ இதே கொள்கையின் பெரிய பலனைத் தெரிந்துகொள்ளாமலே விடுகிறார்கள். எல்1 ஆக, அதாவது மிகக் குறைந்த விலை போட்டவராக, வந்தவர் குறு, சிறு நிறுவனம் இல்லை, அவர் விலை 100 ரூபாய் என்று வையுங்கள். நீங்கள் 115-க்குள் போட்டிருந்தால், 100-க்கு இறங்கிவர ஒப்புக்கொண்டு ஆர்டரில் ஒரு பங்கைப் பெறலாம். பொதுவாக 25 சதவீதம். கொஞ்சம் அதிகமாகப் போட்டுவிட்டோமே என்று ஒதுங்கிவிடாதீர்கள்.

எப்படியாவது எல்1 ஆகிவிடலாம், பிறகு பேசிக்கொள்ளலாம் என்று ரேட்டைக் குறைப்பதுதான் கைக்காசைக் கரைக்கும் தவறு. அப்புறம் பேச்சுவார்த்தை என்று கூப்பிட்டால் அது விலையை இன்னும் குறைக்கத்தான். பின்வாங்கினால் இ.எம்.டி. போகும், தடைப் பட்டியலில் பெயர் ஏறவும் வாய்ப்புண்டு. போக்குவரத்து, இறக்குகூலி, ஜி.எஸ்.டி., ஒப்பந்தம் முடியும் வரை முடங்கிக்கிடக்கும் பிணைத்தொகை, பில் வரும் வரை கடன் வட்டி, எல்லாவற்றையும் ரேட்டுக்குள் கொண்டுவாருங்கள்.

பணம் தாமதமானால் கேட்கவும் தயங்குகிறார்கள். 2006-ஆம் ஆண்டு எம்.எஸ்.எம்.இ. (குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள்) சட்டப்படி குறு, சிறு நிறுவனத்துக்கு அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப்போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. வாங்குபவர் அரசாக இருந்தாலும் இது பொருந்தும். உத்யம் பதிவை ஆர்டர் எடுப்பதற்கு முன்பே முடித்துவைத்தால் பின்னால் வாதாட வேண்டியிருக்காது.

டெண்டர் முடிவில் தவறு நடந்ததாகத் தோன்றினால், தமிழ்நாட்டுச் சட்டத்தின் 11-ஆம் பிரிவில் அரசிடம் மேல்முறையீடு செய்யலாம். ஆணை கைக்கு வந்த நாளிலிருந்து 10 நாள்தான் அவகாசம். புலம்பிக்கொண்டே அதைக் கழித்துவிடாமல், ஏன் தள்ளுபடி என்று போர்ட்டலில் போட்டிருக்கும் மதிப்பீட்டு விவரத்தை அன்றைக்கே எடுத்துப் படியுங்கள்.