அரசாணிக்காய் மசாலா அடுக்கு கேக்: மேலே ஒரு அளவு, கீழே ஒரு அளவு

ஐப்பசி பிறந்துவிட்டால் ஏற்காட்டில் மதியம் மூன்று மணிக்கே பனிமூட்டம் ஜன்னல் வரை வந்துவிடும். துணி காயாது, உப்பு ஜாடியில் தண்ணீர் விடும். நான் கேக் அதிகம் செய்வது இந்த மாதத்தில்தான். பட்டையும் கிராம்பும் சுக்கும் போட்ட கேக் வேகிற வாசனை இந்தக் குளிருக்கென்றே அமைந்தது.

இதுவரை கேக்கே செய்யாதவர்களும் இதைச் செய்யலாம். ஒன்றை மட்டும் முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள்: மேலே செய்கிறீர்களா, கீழே செய்கிறீர்களா? எங்களுக்கு மேலே என்றால் ஏற்காடு, கீழே என்றால் சேலம். நடுவில் 20 கொண்டை ஊசி வளைவுகள், உயரத்தில் சுமார் 1,200 மீட்டர் வித்தியாசம். அம்மாப்பேட்டையில் இருக்கும் என் அக்கா சொன்ன அளவை அப்படியே வைத்து நான் செய்த முதல் கேக், டின்னுக்கு மேலே அழகாக எழும்பி, பத்தே நிமிடத்தில் நடுவில் கிண்ணம் மாதிரி குழிந்துவிட்டது. "எனக்கு நல்லாத்தானேடி வருது?" என்றாள் அக்கா. இரண்டு பேருமே தவறு செய்யவில்லை. மலையில் காற்றழுத்தம் குறைவு. பேக்கிங் பவுடர் விடும் வாயு இங்கே கூடுதலாக விரியும். மாவு வெந்து இறுகுவதற்குள் குமிழ்கள் பெருத்து உடைந்துவிடும். தண்ணீரும் 95 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடுவதால் ஈரம் சீக்கிரம் போய்விடும்.

அதனால் கீழே உள்ள அளவுகள் சேலத்துக்கு. ஏற்காட்டுக்கு என்ன மாற்ற வேண்டும் என்று அதற்கடுத்து சொல்கிறேன்.

மைதா 200 கிராம், பேக்கிங் பவுடர் ஒன்றரை டீஸ்பூன், சமையல் சோடா கால் டீஸ்பூன், உப்பு கால் டீஸ்பூன், நாட்டுச்சர்க்கரை 180 கிராம், முட்டை 3, வாசனை இல்லாத எண்ணெய் 150 மில்லி, அரசாணிக்காய் (மஞ்சள் பூசணி) விழுது 225 கிராம். 7 அங்குல வட்ட டின் இரண்டு.

ஏற்காட்டில் என்றால் பேக்கிங் பவுடரை ஒன்றேகால் டீஸ்பூனாகவும் நாட்டுச்சர்க்கரையை 165 கிராமாகவும் குறையுங்கள். பால் 2 டேபிள்ஸ்பூன் கூடுதலாகச் சேருங்கள். ஓவன் சூடு 180-க்குப் பதில் 190 டிகிரி. மாவு சீக்கிரம் இறுகிக்கொள்ள அந்தப் பத்து டிகிரி உதவும்.

சரி, முதலில் காய். அரை கிலோ துண்டு வாங்கி, தோலும் விதையும் நீக்கி, இட்லிப் பானையில் ஆவியில் வேகவையுங்கள். தண்ணீரில் போட்டு வேகவைத்தால் காய் தண்ணீரைக் குடித்துக்கொள்ளும். மேலே இருப்பவர்களுக்கு வேக ஐந்து நிமிடம் கூடுதலாகும். மசித்த விழுதைப் பழைய வேட்டித் துணியில் கட்டி, அரை மணி நேரம் குழாயில் தொங்கவிடுங்கள். சொட்டுச் சொட்டாக மஞ்சள் தண்ணீர் இறங்கும். பிறகு துணியைப் பிரித்தால் விழுது கையில் ஒட்டாமல் கேசரி மாதிரி உருண்டு வர வேண்டும். இந்த வேலையை விட்டுவிட்டால் கேக்கின் அடிப்பாகம் களி மாதிரி ஆகிவிடும்.

அடுத்தது மசாலா. கடையில் விற்கும் தூள் வேண்டாம். செவ்வாய்ப்பேட்டை மளிகைக் கடைகளில் முழுசாக வாங்கி வந்து வீட்டிலேயே பொடியுங்கள். இரண்டு அங்குலப் பட்டை இரண்டு, கிராம்பு 5, ஏலக்காய் 4, மிளகு 10. வெறும் வாணலியில் சிறு தீயில், கை வைத்தால் சுடும் அளவுக்கு மட்டும் வறுத்து, ஆறவிட்டு, சுக்குத்தூள் ஒரு டீஸ்பூன் சேர்த்துப் பொடித்துச் சலியுங்கள். கால் டீஸ்பூன் ஜாதிக்காயைக் கடைசியில் துருவிக்கொள்ளலாம். கேக்கில் மிளகா என்று தயங்க வேண்டாம். இங்கே காபித் தோட்டங்களில் சில்வர் ஓக் மரங்களைப் பற்றிக்கொண்டு ஏறுகிற அதே மிளகுதான். இனிப்பு நாக்கில் தங்கிய பிறகு, தொண்டையில் மெல்லிய சூடாக அது வந்து சேரும்.

ஓவனை முன்கூட்டியே சூடாக்கிவிடுங்கள். டின்களில் எண்ணெய் தடவி, அடியில் பட்டர் பேப்பர் போடுங்கள். மசாலாவில் ஒரு சிட்டிகையை எடுத்து வைத்துவிட்டு, மைதா, பேக்கிங் பவுடர், சோடா, உப்பு, மீதி மசாலா எல்லாவற்றையும் சேர்த்து இருமுறை சலியுங்கள். வேறு பாத்திரத்தில் முட்டையையும் கட்டியில்லாமல் சலித்த நாட்டுச்சர்க்கரையையும் நன்றாக அடித்து, எண்ணெய், விழுது (மேலே என்றால் பாலும்) சேர்த்துக் கலக்குங்கள். மாவைக் கொட்டிய பிறகு மட்டும் கை மெதுவாகப் போக வேண்டும். வெள்ளை மாவு கண்ணுக்கு மறைந்ததும் நிறுத்திவிடுங்கள். அதற்கு மேல் கிளறினால் கேக் ரப்பர் மாதிரி இழுக்கும்.

இரண்டு டின்னிலும் எடை பார்த்துச் சமமாக ஊற்றி, 28 முதல் 32 நிமிடம் வேகவிடுங்கள். முதல் 20 நிமிடம் கதவைத் திறக்கக் கூடாது. நடுவில் குச்சி குத்தினால் மாவு ஒட்டாமல் வர வேண்டும். பத்து நிமிடம் டின்னிலேயே விட்டு, அப்புறம் கம்பி வலையில் கவிழ்த்து முழுக்க ஆறவிடுங்கள். முழுக்க என்றால், உள்ளங்கையை அடியில் வைத்தால் துளிச் சூடும் தெரியக் கூடாது.

கிரீமுக்கு ஏற்காட்டுக் காபி. 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காலத்தில் இந்த மலைக்கு வந்த பயிர் அது. இந்த மசாலாவுக்கு அதைவிட நல்ல ஜோடி எனக்குத் தெரியவில்லை. உப்பில்லாத வெண்ணெய் 200 கிராமை வெளுக்கும் வரை பீட்டரில் அடித்து, ஐசிங் சுகர் 300 கிராமை மூன்று தடவையாகச் சேர்த்து, ஆறிய முதல் டிகாக்‌ஷன் ஒன்றரை டேபிள்ஸ்பூன் சொட்டுச் சொட்டாக விட்டு அடியுங்கள். சிக்கரி கலக்காத தூள் நல்லது. சேலத்தில் வெண்ணெய் நிமிடத்தில் இளகிவிடும். கிரீம் வழிய ஆரம்பித்தால் பாத்திரத்தோடு பத்து நிமிடம் ஃப்ரிட்ஜில் வைத்து மறுபடி அடியுங்கள். மேலே இருப்பவர்களுக்கு இதற்கு நேர் எதிர்ச் சிக்கல். குளிரில் வெண்ணெய் கல்லாக இருக்கும், முந்தைய இரவே வெளியே எடுத்து வைத்துவிடுங்கள்.

கேக்கின் மேடான தலையை ரம்பக் கத்தியால் சமமாக நறுக்குங்கள். ஒன்றை வைத்து, கிரீமில் மூன்றில் ஒரு பங்கு தடவி, மற்றதை நறுக்கிய பக்கம் கீழே இருக்கும்படி வையுங்கள். சுற்றிலும் மெல்லிய முதல் பூச்சு கொடுத்து அரை மணி நேரம் ஃப்ரிட்ஜில் விடுங்கள். சுவருக்கு பிரைமர் அடிப்பது போலத்தான். உதிரித்தூள் எல்லாம் அதிலேயே ஒட்டிக்கொள்ளும். பிறகு மீதிக் கிரீமைப் பூசுங்கள். அலங்காரமெல்லாம் வேண்டியதில்லை, எடுத்து வைத்த ஒரு சிட்டிகை மசாலாத்தூளைத் தூவினால் போதும்.

இன்றைக்குச் செய்து நாளைக்கு வெட்டுங்கள். ஓர் இரவு இருந்தால்தான் கிராம்பின் காரம் அடங்கி எல்லாம் ஒன்றாகச் சேரும். மூடி போட்டு ஃப்ரிட்ஜில் வைத்தால் மூன்று நாள் நன்றாக இருக்கும். சாப்பிட அரை மணி நேரத்துக்கு முன் வெளியே எடுத்துவிடுங்கள். சேலத்தில் கால் மணி நேரமே போதும்.