ஜிஎஸ்டி கைதில் ஜாமீன்: 60 நாள் கணக்கைத் தவற விடாதீர்கள்

பொய் பில் போட்டு 5 கோடி ரூபாய்க்கு மேல் உள்ளீட்டு வரி வரவு (வாங்கும்போது கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளும் தொகை) எடுத்ததாகக் கைது செய்தால், ஜிஎஸ்டி சட்டம் 132-வது பிரிவில் அது ஜாமீன் உரிமையாகக் கிடைக்காத குற்றம்; நீதிமன்றம்தான் முடிவு செய்யும். உச்சபட்சத் தண்டனை 5 ஆண்டு. மனு முதலில் மாஜிஸ்திரேட்டிடம். தள்ளுபடியானால் மாவட்டத்தின் முதன்மை அமர்வு நீதிமன்றம் (கடலூர்க்காரர்களுக்கு கடலூரில்), பிறகு சென்னை உயர் நீதிமன்றம். புதுச்சேரிக்கும் அதே உயர் நீதிமன்றம்தான்.

இதில் பலர் கோட்டை விடுவது 60 நாள் கணக்கில். 60 நாளுக்குள் ஜிஎஸ்டி துறை நீதிமன்றத்தில் புகார் தாக்கல் செய்யாவிட்டால், ஜாமீன் கேட்பது உங்கள் உரிமையாகிவிடும். இந்தக் கணக்கில் ரிமாண்ட் செய்த (காவலில் வைக்க மாஜிஸ்திரேட் உத்தரவிட்ட) நாளும் சேரும். ஜூன் 3-ல் ரிமாண்ட் என்றால் ஆகஸ்ட் 1 அறுபதாம் நாள். அதுவரை துறை புகார் தாக்கல் செய்யாவிட்டால், ஆகஸ்ட் 2 காலையிலேயே மனு போடுங்கள். மதியம் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தால், அதற்குள் புகார் தாக்கலாகிவிடும், உரிமை போய்விடும். மனு கொடுத்த நேரத்தை முத்திரையோடு வாங்கி வைப்பது அவசியம்.

ஜாமீன் கிடைத்தும் உள்ளேயே கிடப்பவர்கள் உண்டு. காரணம், ஜாமீன்தாரரின் காகிதம். தாலுகா அலுவலகத்தில் சொத்து மதிப்புச் சான்றிதழ் ஒரே நாளில் வராது. மனு போடும்போதே விண்ணப்பியுங்கள். ஆதார், ரேஷன் கார்டு, வீட்டு வரி ரசீது மூன்றிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா பாருங்கள். இனிஷியல் மாறியிருந்தாலே திருப்பி அனுப்புவார்கள்.

கட்ட முடியாத தொகையைக் கட்டுவதாக மனுவில் எழுதவே வேண்டாம். பின்வாங்கினால் ஜாமீனே ரத்தாகலாம்.