மலைச்சரிவில் அடுக்குமாடி: ஆளுக்கும் வண்டிக்கும் வழி விடுவதில் செய்யும் தவறுகள்

குன்னூரில் மழைக்கால காலை, எட்டு மணி. ரோட்டுக்குக் கீழே ஒரு அடுக்குமாடி. ரோட்டிலிருந்து அதற்கு இறங்கும் சரிவுப் பாதையான ராம்பில் ஒரு பாட்டி பக்கச் சுவரில் கையை ஊன்றி ஊன்றி மேலே ஏறுகிறார். உச்சியில் கேட்டை ஒட்டி இரண்டு பிள்ளைகள் ஸ்கூல் வேனுக்காக நிற்கிறார்கள். பின்னாலேயே ஒரு கார் முதல் கியரில் ஏறி வருகிறது. ஒதுங்க இடமில்லாமல் பாட்டி சுவரோடு ஒட்டிக்கொள்கிறார். உச்சியை நெருங்கும்போது ஓட்டுபவருக்குத் தெரிவது பானெட்டும் வானமும்தான். அங்கே நிற்கும் பிள்ளைகள் கண்ணில் படவே மாட்டார்கள்.

ஓட்டியவரை நான் குறை சொல்ல மாட்டேன். தவறு பிளானில் இருக்கிறது. நீலகிரியிலும் கொடைக்கானலிலும் முதலில் காருக்கு வழி வரைகிறார்கள், மிஞ்சியதை ஆளுக்கு விடுகிறார்கள். பல இடங்களில் மிஞ்சுவதே இல்லை.

ராம்பின் சரிவுக்கு வருவோம். மாற்றுத்திறனாளிகளுக்கான தரநிலை 1:12 என்கிறது. ஒரு அடி உயர 12 அடி நீளம் வேண்டும். கட்டடம் ரோட்டுக்கு 10 அடி கீழே இருந்தால் 120 அடி. 30 அடிக்கு ஒரு ஐந்தடிச் சமதளம் விட்டால் மொத்தம் 135 அடிக்கு வந்துவிடும். ஐந்து சென்ட், ஆறு சென்ட் மனையில் அதற்கு எங்கே போவது? அதனால் 60 அடியிலேயே இறக்கிவிடுகிறார்கள். அது 1:6. காய்ந்த நாளில் கார் ஏறும். பாசி பிடித்த நாளில் வயதானவர் ஏற முடியாது, சக்கர நாற்காலியை நினைத்தும் பார்க்க முடியாது. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016, கட்டட அனுமதி தரும்போதே இதைப் பார்க்கச் சொல்கிறது.

ஆனால் இதற்கு வழியை மலையே தருகிறது. சரிவு மனையில் ஏதாவது ஒரு தளம் ரோட்டு மட்டத்துக்குப் பக்கத்தில் வந்தே தீரும். அந்தத் தளத்துக்கு ரோட்டிலிருந்து நேராக ஒரு நடைபாலம் போட்டுவிட்டால் ஆளுக்கு ராம்பே வேண்டாம். கார் தனியாகக் கீழ்த்தளத்துக்கு இறங்கட்டும். இதற்கு மனையின் நான்கு மூலையிலும் ரோட்டோரத்திலும் லெவல், அதாவது தரையின் உயர அளவு, எடுத்திருக்க வேண்டும். நடுவில் ஒரு இடத்தில் மட்டும் எடுத்துவிட்டு, சமவெளிப் பிளானைக் கொண்டுவந்து பொருத்துவதில்தான் பாதிச் சிக்கல் தொடங்குகிறது.

படிக்கட்டு போதும் என்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். வீட்டு கேஸ் சிலிண்டரில் கேஸ் மட்டுமே 14.2 கிலோ, இரும்போடு சேர்த்தால் ஏறக்குறைய 30 கிலோ. அதை ஒருவர் தோளில் வைத்து அந்தப் படியில்தான் இறங்குகிறார். படி ஆறு அங்குல உயரத்தைத் தாண்டக் கூடாது. மிதிக்கிற அகலம் ஒரு அடியாவது வேண்டும். இரண்டு பக்கமும் கைப்பிடி வையுங்கள். வழுவழு டைல்ஸ் வேண்டவே வேண்டாம்.

அடுத்தது கேட். ரோட்டு விளிம்பிலேயே கேட்டை வைத்தால், திறக்கும் வரை கார் ரோட்டில் நிற்கும். அதுவும் வளைவுக்குப் பக்கத்தில் என்றால், பனிமூட்டத்தில் பின்னால் வரும் பஸ்ஸுக்கு எதுவும் தெரியாது. ஒரு கார் நீளமாவது, அதாவது 16 அடியாவது, கேட்டை உள்ளே தள்ளுங்கள். அந்த இடம் சமமாக இருக்கட்டும். சரிவில் நின்ற கார் கிளம்பும்போது கொஞ்சம் பின்னால் உருளும், அங்கேதான் ஆள் நிற்பார். கேட்டின் இருபுறமும் சைப்ரஸ் வேலி இருந்தால் இடுப்பளவுக்கு மேல் வளர விடாதீர்கள். ஆளுக்கென்று சின்ன கேட்டைத் தனியாக, கார் கேட்டிலிருந்து தள்ளி வையுங்கள்.

தண்ணீரை மறந்துவிடுகிறார்கள். ரோட்டோர வடிகாலின் மேல் வழி போடும்போது சின்னக் குழாயைப் புதைத்து மூடினால், முதல் பெருமழையில் சருகும் மண்ணும் அடைத்துக்கொள்ளும். அப்புறம் ரோட்டுத் தண்ணீர் முழுவதும் உங்கள் ராம்பில்தான் இறங்கும், தடுப்புச் சுவருக்குப் பின்னாலும் தேங்கும். 2009 நவம்பரில் நீலகிரியில் மண் சரிந்ததைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ராம்பின் உச்சியிலும் அடியிலும் குறுக்கே கம்பி மூடி போட்ட வடிகால் வேண்டும். கம்பிகள் நடக்கும் திசைக்குக் குறுக்காக இருந்தால் ஊன்றுகோலும் சின்னச் சக்கரமும் மாட்டாது.

ஃப்ளாட் வாங்குபவர் என்றால் அட்வான்ஸ் கொடுக்குமுன் மழை நாளில் ஒருமுறை போங்கள். வீட்டில் மூத்தவர் ஒருவரையும் கூட்டிக்கொண்டு, ரோட்டிலிருந்து வாசல் வரை குடையோடு நடந்து பாருங்கள்.