இரண்டு நாள் பயணத்தில் ஒரு நகரத்தைப் பார்ப்பது எப்படி?

வார இறுதியில் வெளியூர் செல்பவர்கள் நகரம் முழுவதையும் பார்த்துவிட முயல்வதைக் காட்டிலும், அடுத்தடுத்து அமைந்த இரண்டு பகுதிகளைத் தேர்ந்தெடுத்து, அவற்றுள் ஒன்றிலேயே தங்குவது நல்லது. இல்லையென்றால் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குச் செல்வதிலேயே பாதி நாள் கரைந்துவிடும். சாதாரண நடையில் ஒரு கிலோமீட்டரைக் கடக்க 12 முதல் 15 நிமிடங்களே ஆகும் என்பதால், மூன்று கிலோமீட்டர் தூரத்துக்குள் அடங்கும் தெருக்களை நின்று நிதானமாகப் பார்க்க ஒரு காலைப்பொழுது போதும்.

கிழமையையும் கவனிக்க வேண்டும். அலுவலகங்கள் நிறைந்த வட்டாரங்கள் ஞாயிறன்று பெரும்பாலும் வெறிச்சோடிக் கிடக்கும். வீடுகளும் வழிபாட்டிடங்களும் கலந்த பழைய வட்டாரங்களோ அன்றுதான் களைகட்டும். பல அருங்காட்சியகங்களுக்குத் திங்கட்கிழமை விடுமுறை என்பதால், மூன்று நாள் விடுமுறையில் செல்வோர் அவற்றைக் கடைசி நாளுக்குத் தள்ளிப்போடக் கூடாது.

தெருப் பெயர்களையும், வீட்டு முகப்பில் பொறித்த ஆண்டுகளையும் படித்துக்கொண்டே நடந்தால், அங்கு யார் குடியேறினர், என்ன தொழில் செய்தனர் என்பது ஓரளவு விளங்கும். சுற்றுலாப் பேருந்தின் மேல்தளத்தில் அமர்ந்திருப்பவர்களுக்கு இது கிட்டாது என்பது என் கருத்து. வரைபடத்தை முன்கூட்டியே கைபேசியில் பதிவிறக்கிக்கொள்ளுங்கள். ஆனால் உயர்ந்த கட்டடங்களுக்கு இடைப்பட்ட குறுகிய சந்துகளில் அது காட்டும் இடம் சில மீட்டர்கள் விலகியிருக்கலாம்.